பாதியில் நிற்கும் பின்னல்கள்

நம் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவுக்கு எதிரே நீண்ட காத்திருப்புக் கூடம் ஒன்று உண்டு. வாரத்தில் மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், நாங்கள் அங்கே அமர்ந்திருக்கிறோம். உள்ளே எங்கள் கணவரோ மனைவியோ, தாயோ தந்தையோ, இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருப்பார்கள். வெளியே எங்கள் மடியில் உல்லன் நூலும் இரண்டு ஊசிகளும் இருக்கும். எங்களுள் பெரும்பாலோர் துணைக்கு வருபவர்கள். புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்து, தம் முறை வரும்வரை எங்களோடு அமரத் தொடங்கிய நோயாளிகளும் சிலர் இருக்கிறார்கள். மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் இவ்விதழில் அறிந்தோர் எழுதுகிறார்கள். நாங்கள் அறிந்தது பின்னல் ஒன்றே. அதிலும் முடிந்த பின்னலைவிட முடியாத பின்னலையே மிகுதியாக அறிவோம். அதைப் பற்றி எங்களுக்கென்று ஒரு கருத்து உண்டு. அதனை இங்கே முன்வைக்கிறோம்.

நம்முடையது மலையூர். மார்கழியிலும் தையிலும் இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்க இயலாது. ஆகவே பல வீடுகளில் பின்னல் பை ஒன்று இருக்கும். அதைத் திறந்து பார்த்தால் முன்பக்கம் மட்டும் முடிந்த ஒரு ஸ்வெட்டர், ஒரு சாண் நீளத்தில் நின்றுபோன ஒரு மஃப்ளர், ஜோடி இல்லாத ஒரு காலுறை, யாருக்கென்று தொடங்கினோம் என்பதே மறந்துபோன ஒரு குல்லாய் ஆகியவை கிடக்கும். நோய் வீட்டுக்குள் வந்த நாளில் அந்தப் பை மூடப்பட்டது. பிறகு மாதங்கள் கடந்தன. இப்போது அலமாரியைத் திறக்கும்போது அந்தப் பை கண்ணில் பட்டால், கையை வேறு பக்கம் நீட்டிவிடுகிறோம்.

ஏன் நீட்டுகிறோம்? நேரம் இல்லை என்பது பாதி உண்மைதான். மருத்துவமனையில் காத்திருப்பவர்களிடம் நேரம் இருக்கிறது. சொல்லப்போனால் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. அந்தப் பை நம்மைக் குறை சொல்வதாக நமக்குத் தோன்றுவதே மீதிக் காரணம். எடுத்ததை முடிக்காதவரை ‘ஆரம்ப சூரர்’ என்று ஊர் கேலி செய்யும். அந்தச் சொல்லை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிறோம். நோயினால் ஏற்கெனவே எத்தனையோ காரியங்கள் பாதியில் நின்றிருக்கின்றன: வேலை, வீடு கட்டுதல், மகளின் திருமணப் பேச்சு, அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டிய பயணம். அந்த வரிசையில் ஒரு ஸ்வெட்டரையும் சேர்த்துப் பார்க்க மனம் வருவதில்லை.

எங்கள் கருத்து இதுதான்: பாதியில் நிற்கும் பின்னல் குற்றத்தின் அடையாளமன்று. அது எழுந்து சென்றவருக்காக வைத்திருக்கும் இருக்கையைப் போன்றது. திரும்பி வந்து அமரலாம். ஒன்றல்ல, மூன்று பின்னல்கள் பாதியில் நின்றாலும் மூன்றையும் சீராக நகர்த்த முடியும். ஆனால் அதற்கு, முடிந்தவற்றை எண்ணும் பழக்கத்தை விட்டுவிட்டு, வரிசைகளை எண்ணும் பழக்கத்துக்கு நாம் வர வேண்டும்.

ஒரு கணக்கைச் சொல்கிறோம். ஓரளவு தடித்த உல்லன் நூலில் 40 கண்ணிகள் கொண்ட மஃப்ளர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எல்லா வரிசையையும் ஒரே விதமாகப் பின்னினால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 8 வரிசைகள் வரும். 60 அங்குல நீளத்துக்கு 480 வரிசைகள். கண்ணிகளாகக் கணக்கிட்டால் 19,200. இந்த எண்ணைக் கேட்டவுடன் பையை மூடிவிடத் தோன்றும். ஆனால் ஒரு டயாலிசிஸ் நாளில் 12 வரிசைகள் மட்டும் பின்னுவோம் என்று வைத்துக்கொண்டால், 40 நாள்களில் மஃப்ளர் முடிந்துவிடும். வாரத்துக்கு மூன்று நாள்கள் எனில் அது மூன்று மாதங்களுக்குச் சற்றே மேல். 12 வரிசைகள் என்பது பழகிய கைக்கு அரை மணி நேர வேலைதான். மீதி மூன்றரை மணி நேரத்தில் பேசலாம், உறங்கலாம், மருந்துக் கடை வரிசையில் நிற்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம்.

ஒரே நேரத்தில் பல வேலைகளை வைத்துக்கொள்வது சரியா என்று எங்களுக்குள்ளேயே வாதம் நடந்ததுண்டு. ஒன்றை முடித்த பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும் என்று எங்களை வளர்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நல்ல உடம்புக்கும் நல்ல காலத்துக்கும் அது நல்ல விதி. சிகிச்சைக் காலத்தில் எல்லா நாளும் ஒரே நாளாக இருப்பதில்லை. இரத்தப் பரிசோதனை முடிவு கையில் வந்த நாளும், முடிவுக்காகக் காத்திருக்கும் நாளும் ஒன்றல்ல. கீமோதெரபி ஏறிய மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் ஒன்றல்ல. கண்ணிகளை எண்ணிக் கோலம் எடுக்க வேண்டிய ஸ்வெட்டரை மனம் கலங்கிய நாளில் எடுத்தால் தவறு நேரும். தவறைப் பிரிக்கும்போது கண்ணீர் வரும். மறுநாள் பையைத் திறக்க மாட்டோம். ஒன்றை மட்டுமே வைத்திருந்தவர்கள் அந்த ஒன்றோடு சேர்த்துப் பின்னலையே கைவிட்டதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

ஆகவே நாங்கள் ஒவ்வொருவரும் மூன்று வேலைகளை வைத்திருக்கிறோம். மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. முதலாவது, கண்ணை மூடிக்கொண்டும் பின்னக்கூடியது. மேலே சொன்ன மஃப்ளரைப் போன்றது. அது கெட்ட நாள்களுக்கு உரியது. இரண்டாவது, எண்ணிக்கையும் கவனமும் கேட்பது. ஸ்வெட்டரின் கழுத்து, கைக்குழி, இரு நிறக் கோலம் போன்றவை. அது தெளிந்த நாள்களுக்கு உரியது. மூன்றாவது, இரண்டொரு நாளில் முடிந்துவிடும் சிறிய பொருள். முடித்தோம் என்ற உணர்வும் மனிதருக்கு வேண்டியிருக்கிறது. அதை ஆறு மாதங்கள் தள்ளிப்போடக் கூடாது.

அந்தச் சிறிய பொருளாக நாங்கள் பெரும்பாலும் பின்னுவது பச்சிளங்குழந்தைக்கான குல்லாய். 37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறந்த குழந்தைகளும், 2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறந்த குழந்தைகளும் உடல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடுவார்கள். குழந்தையின் உடற்பரப்பில் தலை பெரும்பங்கு வகிப்பதால் தலை வழியாகப் போகும் வெப்பமும் மிகுதி. கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் 1978ஆம் ஆண்டில் தொடங்கி, இன்று உலக நலவாழ்வு நிறுவனமும் பரிந்துரைக்கும் கங்காரு தாய் பராமரிப்பு முறையில், குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி வைக்கும்போது தலையில் குல்லாய் அணிவிப்பது வழக்கம். ஆனால் எங்கள் விருப்பத்துக்குப் பின்னிக் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. எந்த அளவு வேண்டும், எந்த நூல் ஏற்றது, வேண்டுமா வேண்டாமா என்பதைப் பிரிவின் செவிலியரே சொல்வார். பொத்தான், குஞ்சம், தொங்கும் நூல் எதுவும் இருத்தல் ஆகாது. துவைக்கத் தக்க மென்மையான நூலாக இருத்தல் வேண்டும்.

இனி, மூடிக் கிடக்கும் பையை எப்படித் திறப்பது என்பதைச் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் ஒருமுறை கட்டிலில் பரப்பிவிடுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை இன்னும் விரும்புகிறேனா? விரும்பினால் வைத்துக்கொள்ளுங்கள். விரும்பவில்லையானால் பிரித்துவிடுங்கள். பிரிப்பதைத் தோல்வி என்று எண்ண வேண்டா. பிரித்த நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் தொங்கவிட்டால், சுருள் நீங்கி நூல் மீண்டும் நேராகிவிடும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சிறுமிக்காகத் தொடங்கிய சட்டை இன்று அவளுக்குப் பொருந்தாது. ஆனால் அதே நூல் இன்றைய குல்லாய்க்குப் பொருந்தும். நூல் வீணாவதில்லை என்பது பின்னலின் பெரிய கருணை. கிழிந்த துணிக்கும் உடைந்த பானைக்கும் அந்த வசதி இல்லை.

வைத்துக்கொண்டவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டு எழுதி ஊக்கால் குத்திவையுங்கள். யாருக்கு, எந்த ஊசி, எத்தனை கண்ணிகள், எத்தனையாவது வரிசை, அடுத்துச் செய்ய வேண்டியது என்ன என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். வரிசையின் நடுவில் நிறுத்தாதீர்கள். மருத்துவர் அழைத்துவிட்டாரெனில் நிறுத்தத்தான் வேண்டும், அப்போது கண்ணிகள் நழுவாதபடி ஊசி முனையில் ரப்பர் வளையம் ஒன்றைச் சுற்றிவிட்டுச் செல்லுங்கள். சீட்டு எழுதுவதை எங்களுள் சிலர் வீண்வேலை என்று எண்ணியிருந்தோம். அவ்வாறன்று என்பதைச் சென்ற ஆண்டு அறிந்துகொண்டோம்.

எங்களோடு அமர்ந்திருந்த ஓர் அம்மாவைப் பற்றியது அது. அவர் துணைக்கு வந்தவர் அல்லர், அவரே நோயாளி. சிகிச்சையின் இடைவெளிகளில் பேரனுக்காகப் பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றைப் பின்னிக்கொண்டிருந்தார். முதுகுப்பக்கமும் முன்பக்கமும் ஒரு கையும் முடிந்திருந்தன. ஒரு வாரம் அவர் வரவில்லை. மறுவாரம் அவருடைய மகள் பையை எடுத்துக்கொண்டு வந்தார். செய்தியைச் சொல்லிவிட்டுப் பையை எங்கள் நடுவில் வைத்தார். இரண்டாவது கை ஊசியிலேயே இருந்தது. ஊக்கால் குத்திய சீட்டில் அந்த அம்மாவின் கையெழுத்தில், ‘வலக்கை, 31 வரிசை முடிந்தது. அடுத்த வரிசையில் இரு ஓரமும் ஒரு கண்ணி கூட்டவும்’ என்று எழுதியிருந்தது.

அதை முடிக்கலாமா, அப்படியே வைத்துவிடலாமா என்று எங்களுக்குள் இரு கருத்துகள் எழுந்தன. அது அவருடைய கைவேலை, அதில் வேறு கை படக் கூடாது என்றனர் சிலர். பேரனுக்காகத் தொடங்கியது பேரனைச் சேராமல் பெட்டியில் கிடப்பது அவர் விருப்பமாக இருக்க முடியாது என்றனர் வேறு சிலர். இது நாங்கள் முடிவு செய்ய வேண்டியதன்று என்று உணர்ந்து மகளிடமே கேட்டோம். “முடிச்சுக் கொடுங்க அக்கா, பையன் வளர்ந்துக்கிட்டே இருக்கான்” என்றார் அவர்.

முடித்தோம். 32ஆம் வரிசையில் இரு ஓரமும் ஒரு கண்ணி கூட்டித் தொடங்கினோம். அந்தச் சீட்டு இல்லாதிருந்தால் முழுக் கையையும் பிரித்து முதலிலிருந்து தொடங்கியிருக்க நேர்ந்திருக்கும். அதற்கு எங்களில் ஒருவருக்கும் மனம் வந்திராது. அவருடைய கை இறுக்கமாகப் பின்னும் கை; எங்களுடையது சற்றுத் தளர்வு. ஆதலால் அந்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிகிறது. அதை மறைக்க நாங்கள் முயலவில்லை. பையன் இதற்குள் வளர்ந்துவிட்டதால் இரண்டு கைகளின் மணிக்கட்டு ஓரத்திலும் கண்ணிகளை எடுத்து இரண்டு அங்குலம் நீட்டினோம். ஸ்வெட்டர் அவனுக்குச் சரியாக இருக்கிறது.

ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் தொடர்வது பின்னலுக்குப் புதிதன்று. 2016ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று சென்னையில், கொக்கி ஊசியால் பின்னும் குரோஷே முறையில், 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை ஒன்று கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்னும் குழுவினர், தனித்தனியே பின்னிய துண்டுகளை இணைத்து அதனை உருவாக்கினர். அதில் எந்தக் கையும் முழுப் போர்வையைப் பின்னவில்லை. ஒவ்வொருவருடைய துண்டும் மற்றவர் துண்டோடு சேரும்வரை முடியாத வேலையாகவே இருந்தது. இதனை நினைக்கும்போது, தன் பங்கை மட்டும் செம்மையாகச் செய்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதிவைத்தவரை ஆரம்ப சூரர் என்று அழைக்க எவருக்கும் உரிமை இல்லை என்றே எங்களுக்குப் படுகிறது.

இக்கருத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றையும் நாங்கள் அறிவோம். பின்னலால் எந்த நோயும் தீர்ந்துவிடாது. அது மருந்தன்று, மருந்துக்கு மாற்றுமன்று. பின்னினால் மனம் அமைதி அடையும் என்று எல்லார்க்கும் உறுதி கூறவும் நாங்கள் முன்வர மாட்டோம். எங்களுள் ஒருவருக்கு எண்ணுவதே எரிச்சல்; அவர் வந்து பேசிக்கொண்டு மட்டும் இருப்பார், நூலுருண்டை உருளாமல் பிடித்துக்கொள்வார். இது பெண்களின் வேலைதானே என்று தயங்கும் ஆண்களுக்கு ஒரு செய்தி: முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்கள் மருத்துவமனைகளில் தேறிவரும் காலத்தில் பின்னல் பின்னியிருக்கிறார்கள். எங்கள் கூடத்திலும் மனைவிக்குத் துணையாக வரும் ஐயா ஒருவர் இப்போது தம் இரண்டாவது மஃப்ளரில் இருக்கிறார். அவருடைய ஓரங்கள் எங்களுடையவற்றைவிட நேர்த்தியாக இருக்கின்றன.

சில எச்சரிக்கைகள் கட்டாயம் சொல்ல வேண்டியவை. டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா வைத்திருப்பவர்கள், ஊசி ஏறியிருக்கும் நேரத்தில் அந்தக் கையை அசைக்கக் கூடாது. அப்போது பின்னல் வேண்டா. மற்ற நேரங்களிலும் பின்னல் பையை அந்தக் கையில் மாட்டக் கூடாது, நூலை அதில் சுற்றக் கூடாது. சில புற்றுநோய் மருந்துகளால் விரல் நுனிகள் மரத்துப்போகும். ஆக்சாலிபிளாட்டின் பெறுவோருக்குக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டாலே விரல் கூசும். அவர்களுக்கு மர ஊசியோ மூங்கில் ஊசியோ நல்லது. இரத்தத் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களும் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே ஊசியைத் தொட வேண்டும். சர்க்கரை நோயால் பார்வை மங்கியவர்கள் தடித்த, வெளிர்நிற நூலை எடுத்துக்கொண்டால் கண்ணிகள் தெரியும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோக ஊசியைக் கொண்டுசெல்லவே கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பின்னல் பை வேண்டியதில்லை. விரலோ மணிக்கட்டோ வலிக்கத் தொடங்கினால் அன்றைய வேலை முடிந்தது என்று கொள்க.

இன்னொன்றும் உண்டு. ஒரு வரிசைகூடப் பின்ன முடியாத நாள்கள் வரும். தொடர்ந்து பல நாள்களும் வரலாம். சீரான முன்னேற்றம் என்றால் நாள் தவறாத முன்னேற்றம் என்று பொருளில்லை. நாங்கள் அப்படிப் பின்னியவர்களும் அல்லர். விட்ட இடம் தெரியும்படி விட்டுச் செல்வதும், திரும்பி வரும்போது நம்மை நாமே கடிந்துகொள்ளாமல் அந்த இடத்திலிருந்து தொடங்குவதுமே சீரான முன்னேற்றம் என்பது எங்கள் அனுபவம். இடையில் கடந்த இரண்டு மாதங்களுக்குக் கண்ணிகளிடம் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவை ஊசியில் அப்படியே இருக்கும்.

ஆதலால் எங்கள் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் புறப்படும்போது, கோப்பு, மருந்துப் பட்டியல், வெந்நீர்ப் புட்டி ஆகியவற்றோடு அந்தப் பழைய பையையும் எடுத்து வாருங்கள். ஊசி எந்த அளவு என்பது மறந்திருந்தால் நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். கண்ணி நழுவியிருந்தால் எடுத்துத் தருகிறோம். பின்னலே தெரியாது என்றாலும் தயங்க வேண்டா. முதல் 10 கண்ணிகளைப் போட்டுக் கொடுப்பதற்கு எங்களுள் ஒருவர் எப்போதும் இருப்பார். நீங்கள் இரண்டு வரிசைகள் பின்னுவதற்குள் உள்ளேயிருந்து பெயர் சொல்லி அழைத்துவிடலாம். அழைத்தால் சென்று வாருங்கள். பை நாற்காலியின் மேலேயே இருக்கட்டும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.